டன்ஸ் ஊர் ரேலிக்காரர்கள்: ஆண்ட்ரூ கவன் வென்றது அதிர்ஷ்டத்தாலா?

மண்பாதை

சென்ற வாரம் இங்கே ஒருவர் எக்காலத்துக்குமான சிறந்த கார் ரேலி ஓட்டுநர்கள் என்று இருபது பேரைப் பட்டியலிட்டிருந்தார். பாதிப்பேர் பின்லாந்து, மீதிப்பேரில் பெரும்பாலோர் பிரான்ஸ். ஆண்ட்ரூ கவன் பெயர் இல்லை. கேட்டதற்கு, "அவர் யார்?" என்று பதில் வந்தது. அந்த எரிச்சலில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முட்டிக்கொள்ளும் இடத்தில், ட்வீட் ஆறு கடலில் சேரும் முகத்தில், பெரிக் என்று ஓர் ஊர். இன்று அது இங்கிலாந்துக்குள் இருக்கிறது. அங்கே உள்ளூர் கார் கிளப் ஒன்று உண்டு: பெரிக் அண்ட் டிஸ்ட்ரிக்ட் மோட்டார் கிளப். எல்லைக்கு வடக்கே டன்ஸ், செர்ன்சைட் பக்கத்து விவசாயிகளின் பிள்ளைகள் 1950களில் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜிம் கிளார்க். 1963, 1965 ஃபார்முலா ஒன் சாம்பியன். அவரை எல்லோருக்கும் தெரியும். இன்னொருவர் அவருடைய நண்பர், டன்ஸ் ஊர்ப் பண்ணைக்காரர், ஆண்ட்ரூ கவன்.

கவன் 1962, 1963 இரண்டு ஆண்டுகளும் சன்பீம் ரேப்பியர் காரில் ஸ்காட்டிஷ் ரேலியை வென்றார். 1968ல் லண்டனிலிருந்து சிட்னி வரை சுமார் 16,000 கிலோமீட்டர் ஓடிய மாரத்தான் ரேலியை வென்றார். ஒன்பது ஆண்டு கழித்து 1977ல் அதைவிட நீளமான இரண்டாவது லண்டன்–சிட்னியையும் வென்றார். இடையில் ஆஸ்திரேலியாவின் சதர்ன் கிராஸ் ரேலியை 1972 முதல் 1976 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றார். இந்த மனிதர் யார் என்று கேட்கிறார்கள்!

நாலாம்கியர்

நான்தான் அப்படிக் கேட்டவன். கேட்டதற்கு வருத்தமில்லை.

ஐயா, 1968 வெற்றியைத் தேடிப் படித்தேன். கடைசி நாளில் முன்னணியில் இருந்தது கவன் இல்லை, லூசியன் பியாங்கி. சிட்னிக்குச் சில மணி நேரப் பயணம் மிச்சமிருக்கும்போது நவ்ரா பக்கத்தில் அவருடைய சிட்ரோயன் எதிரே வந்த மினி கார் ஒன்றோடு நேருக்கு நேர் மோதியது. அது நடக்காவிட்டால் கவன் இரண்டாம் இடம். விழுந்த பழத்தைப் பொறுக்கியவரை மரம் ஏறியவர் என்று சொல்லச் சொல்கிறீர்களா?

மண்பாதை

முழுக்கதையையும் சொல்லாமல் கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு வந்தால் இப்படித்தான் தோன்றும்.

1968 நவம்பர் 24 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸிலிருந்து 98 கார்கள் புறப்பட்டன. பாரிஸ், பெல்கிரேடு, இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், டெல்லி வழியாகப் பம்பாய். துருக்கியின் மலைச்சாலையிலும் ஆப்கானிஸ்தானின் லத்தபந்த் கணவாயிலும் கார்கள் உதிர்ந்துகொண்டே வந்தன. பம்பாயில் சூசன் என்ற கப்பலில் ஏறியவை 72தான். அங்கே முதலிடத்தில் இருந்தவர் லோட்டஸ் கார்ட்டினா ஓட்டிய ரோஜர் கிளார்க். (ஜிம் கிளார்க்குக்கு உறவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 7 அன்று ஜிம் ஹாக்கன்ஹைமில் இறந்துவிட்டார். நண்பரை இழந்த எட்டாவது மாதத்தில்தான் கவன் இந்த ரேலிக்குப் புறப்பட்டார்.)

ஆஸ்திரேலியாவில் இறங்கியதும் ரோஜர் கிளார்க்கின் எஞ்சின் பழுதானது. தன் அணியின் மற்றொரு காரைப் பிரித்து உதிரிப்பாகம் எடுத்து மாட்டி ஓட்டினார். பிறகு பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் போயிற்று. வழியில் நின்ற ஒரு கார்ட்டினாவின் சொந்தக்காரரிடம் கெஞ்சி, அவர் காரின் பின் ஆக்சிலையே விலைக்கு வாங்கிப் பொருத்தினார். அற்புதமான கதைதான். வந்து சேர்ந்தது பத்தாம் இடத்தில்.

கவனின் ஹில்மன் ஹன்டர் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் வகைக் கார். இதே காரைத்தான் ஈரானில் பேகான் என்ற பெயரில் பல்லாண்டு காலம் தயாரித்தார்கள், டாக்சியாக ஓட்டினார்கள். அதில் கவன், காலின் மால்கின், பிரையன் கோய்ல் மூவரும் மாறி மாறி ஓட்டிச் சிட்னி சேர்ந்தபோது அவர்களுடைய தண்டப்புள்ளி 50. இரண்டாவதாக வந்த பேடி ஹாப்கிர்க்குக்கு 56. நான்காவதாக வந்தது ஒரு போர்ஷே 911. வேகமான கார்கள் எத்தனையோ பின்னால் நின்றன. அந்தக் கார்களுக்கு எல்லாம் மினி குறுக்கே வரவில்லையே.

வரைபடத் தாமரை

இருவருக்கும் வணக்கம். நான் ஓட்டுநர் இல்லை, பக்கத்து இருக்கைக்காரி. கோவைப் பக்கம் நேரம்–வேகம்–தூரம் வகை ரேலிகளில் ஐந்தாறு முறை வழிகாட்டியாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த இருக்கையிலிருந்து ஒன்று சொல்கிறேன்.

தண்டப்புள்ளி 50 என்றால், பாதி உலகத்தைக் கடந்து வந்ததில் சோதனைச் சாவடிகளில் எல்லாம் சேர்த்து அவர்கள் தாமதித்தது வெறும் 50 நிமிடம் என்று பொருள். இதில் வேகத்துக்கு ஒரு வரம்புக்கு மேல் பயனில்லை. என்னுடைய முதல் ரேலியில் என் மாமா மகன் வண்டியைப் பறக்க விட்டான். சாவடிக்கு நான்கு நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தோம். முன்னதாக வந்ததற்கும் தண்டம்! கணக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை, நான் கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியிலிருந்து இரண்டாம் இடம்.

ஆகவே விழுந்த பழம் என்பதை ஏற்க மாட்டேன். பழம் விழும்போது மரத்தடியில் நிற்பதற்கே லண்டனிலிருந்து வந்திருக்க வேண்டும்.

ஒரு திருத்தமும் உண்டு. பியாங்கி மோதியபோது ஹாப்கிர்க்தான் பின்னால் வந்தவர். முந்திப் போயிருக்கலாம். அவர் வண்டியை நிறுத்தி உதவி செய்தார். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் அவர்தான்.

நாலாம்கியர்

உவமைக்கு உவமை சொல்லி மடக்கிவிட்டீர்கள். ஹாப்கிர்க் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி.

சரி, 50 நிமிடம் என்பது பெரிய விஷயம்தான். ஆனாலும் ஒரு கேள்வி. மண்பாதை தலைப்பில் ரேலிக்காரர்கள் என்று போட்டுவிட்டு ஜிம் கிளார்க்கையும் சேர்த்திருக்கிறார். அவர் எப்படி ரேலிக்காரர்?

எடின்பரோவாசி

இதற்கு நான் வருகிறேன். எடின்பரோவிலிருந்து டன்ஸுக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். மூன்று முறை போயிருக்கிறேன், ஒருமுறை வழி தவறி.

மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர். இடைக்காலத் தத்துவ அறிஞர் டன்ஸ் ஸ்கோட்டஸ் பிறந்த ஊர் என்பார்கள். பிற்காலத்தில் அவரைப் பிடிக்காதவர்கள் அவருடைய சீடர்களைக் கேலி செய்யப்போய், ஆங்கிலத்தில் மக்கு என்பதற்கான சொல்லே அந்த ஊர்ப் பெயரிலிருந்து பிறந்துவிட்டது. பாவம். அந்த ஊரில் ஜிம் கிளார்க்குக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் ஒரு நினைவு அறையாக இருந்தது, 2019ல் விரிவாக்கிப் புதிதாகத் திறந்தார்கள்.

கிளார்க் தொடங்கியதே உள்ளூர் ரேலிகளிலும் மலைச்சாலையில் கார் ஏற்றும் போட்டிகளிலும்தான், சொந்த சன்பீம் டால்பாட் காரில். வீட்டில் பந்தயத்துக்குச் சம்மதமில்லை. 1956ல் கிரிமண்ட் என்ற பழைய விமானத்தளத்தில் நண்பருடைய டி.கே.டபிள்யூ. காரை இரவல் வாங்கி ஓட்டியது அவருடைய முதல் வட்டப்பாதைப் பந்தயம். உலகச் சாம்பியன் ஆன பிறகும் பழைய பழக்கம் விடவில்லை. 1966 நவம்பரில் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ரேலியில் லோட்டஸ் கார்ட்டினாவில் கலந்துகொண்டார், பக்கத்தில் பிரையன் மெலியா. காட்டுப்பாதைக் கட்டங்கள் சிலவற்றில் ஸ்காண்டிநேவியர்களையே முந்தினார். பிறகு காரை உருட்டிவிட்டு வெளியேறினார். ஃபார்முலா ஒன்னில் 72 பந்தயங்களில் 25 வென்றவர் சேற்றில் கவிழ்ந்து கிடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த ரேலியை வென்றவரும் லோட்டஸ் கார்ட்டினாக்காரர்தான், சுவீடனின் பெங்ட் சோடர்ஸ்ட்ராம்.

செர்ன்சைட் கல்லறையில் அவருடைய கல்லைப் பார்த்தேன். முதலில் விவசாயி என்றுதான் பொறித்திருக்கிறது. சாம்பியன் பட்டமெல்லாம் அதற்குக் கீழே.

சைதை பட்டறை

தம்பிகளுக்கு வணக்கம். நான் பேசுவதைவிடப் படிப்பதுதான் அதிகம். ஆனால் 1977 ரேலியைப் பற்றி மண்பாதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். அது எந்த ஊர் வழியாக வந்தது என்று சொன்னாரா?

லண்டனிலிருந்து புறப்பட்ட அந்தக் கார்கள் ஐரோப்பா, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் கடந்து, இந்தியாவை மேலிருந்து கீழாகக் கடந்து, நம் மெட்ராஸுக்குத்தான் வந்தன! இங்கிருந்து கப்பலில் பினாங்கு. அங்கிருந்து சிங்கப்பூர். மறுபடியும் கப்பலில் ஆஸ்திரேலியா. மொத்தம் சுமார் 30,000 கிலோமீட்டர்.

எம்.ஜி.ஆர். முதல்வரான ஆண்டு. எனக்குப் பதினாறு வயது, துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு பட்டறையில் கையாள். நாள் முழுக்க அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் அடியில் படுத்துக் கிடப்பேன். உலகத்தையே சுற்றிய பென்ஸ் கார்கள் பக்கத்தில் வந்து கப்பல் ஏறிப் போயிருக்கின்றன, எனக்குத் தெரியவே தெரியாது. பல ஆண்டு கழித்து ஒரு பழைய பத்திரிகையில் படித்துவிட்டு அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்திருந்தால் பார்த்திருப்பேன்.

மண்பாதை

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஒரே வரியில் தாண்டியது என் தவறுதான்.

நாலாம்கியரின் கேள்விக்கு 1977தான் என் முக்கியச் சாட்சி. இம்முறை மெர்சிடிஸ் 280இ, கூடவே மறுபடியும் காலின் மால்கின், புதிதாக மைக் பிராட். இரண்டாம் இடமும் இன்னொரு 280இக்கே. கடைசி நாள் விபத்து எதுவும் கைகொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு தென் அமெரிக்காவைச் சுற்றி ஓடிய ரேலியையும் மெர்சிடிஸ் 450 எஸ்.எல்.சி.யில் கவன் வென்றார். ஒருமுறை என்றால் அதிர்ஷ்டம். இப்படிக் கண்டம் கண்டமாக அதிர்ஷ்டம் ஒருவரையே தொடர்ந்து வருமா?

கென்யாவில் நடந்த 1976 சஃபாரி ரேலியைச் சொல்லாமல் விட முடியாது. மிட்சுபிஷி லான்சர்கள் முதல் மூன்று இடம். முதலில் கென்யாவின் ஜோகிந்தர் சிங், மூன்றாவது கவன்.

ரேலிப் பிரியன்

ஸ்காட்லாந்து என்றால் காலின் மெக்ரே ஒருவர்தான். 1995 உலகச் சாம்பியன், 25 உலக ரேலி வெற்றிகள். இந்தத் தாத்தாக்களைப் பற்றி எதற்கு இவ்வளவு நீளம்?

எடின்பரோவாசி

மெக்ரே லனார்க் ஊர்க்காரர், மேற்குப் பக்கம். அவர் தொடங்கியது கோல்ட்னஸ் கார் கிளப்பில், மினி ஓட்டி. அப்பா ஜிம்மி மெக்ரே ஐந்து முறை பிரிட்டிஷ் சாம்பியன். அது வேறு கிளப், வேறு கதை, தனி இழை தொடங்குங்கள், முதல் ஆளாக வருகிறேன். தாத்தா என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் மெக்ரே சுபாருவில் பறந்த காலத்தில் அவருக்கு எதிரே நின்ற மிட்சுபிஷி அணியை நடத்தியவர் இந்தக் கவன் தாத்தாதான்.

மட்டுறுத்துநர்

சிறு குறிப்பு. ஒருவர் தனிமடலில், ரேலி என்று எழுதாமல் பேரணி என்று எழுதச் சொல்கிறார். பேரணி என்றால் கொடி பிடித்துக் கோஷம் போட்டுப் போவதுதான் தமிழ்நாட்டில் யாருக்கும் நினைவுக்கு வரும். லத்தபந்த் கணவாயில் அப்படி யாரும் போகவில்லை. ரேலியே இருக்கட்டும்.

வரைபடத் தாமரை

டன்ஸ் பற்றிப் பேசி இவ்வளவு நேரமாகியும் ஒரு பெயரை யாரும் எடுக்கவில்லை. ஆண்கள் கூடிய இடம், வேறென்ன.

லூயிஸ் எய்ட்கன் வாக்கர். அதே டன்ஸ், அதே மாதிரிப் பண்ணைக் குடும்பம். 1979ல் ஃபோர்டு நிறுவனம் பெண் ரேலி ஓட்டுநர் ஒருவரைக் கண்டெடுக்கப் போட்டி நடத்தியது. அண்ணன் தம்பிகள் அவருடைய பெயரைக் கொடுத்தார்கள், அவர் வென்றுவிட்டு வந்தார். அங்கே தொடங்கிய பயணம் 1990ல் பெண்களுக்கான உலக ரேலிப் பட்டம் வரை போயிற்று.

அந்த 1990ஐத்தான் சொல்ல வேண்டும். போர்ச்சுகல் ரேலியில் அவருடைய வாக்ஸ்ஹால் பாதையை விட்டு விலகி, சரிவில் உருண்டு, கீழே இருந்த ஏரிக்குள் விழுந்தது. உள்ளே லூயிஸும் சுவீடனைச் சேர்ந்த இணை ஓட்டுநர் டீனா தோர்னரும். மூழ்கும் காரிலிருந்து இருவரும் வெளியே வந்தார்கள். நான் பக்கத்து இருக்கைக்காரி என்பதால் டீனாவைத்தான் நினைத்துக்கொள்வேன். தலைகீழாக, பெல்ட்டில் தொங்கிக்கொண்டு, தண்ணீர் ஏறும்போது, கையில் குறிப்புப் புத்தகம். அதே ஆண்டின் இறுதியில் பட்டத்தை வென்றார்கள். நானாக இருந்தால் அந்த ஏரிக்கரையிலேயே வரைபடத்தைக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருப்பேன்.

நாலாம்கியர்

இந்தக் கதைக்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை.

ஆனால் ஒன்று புரியவில்லை. இத்தனை சின்ன ஊர்ப்பக்கத்திலிருந்து எப்படி இவ்வளவு பேர்? கிளப் அப்படி என்ன கற்றுக்கொடுத்தது?

எடின்பரோவாசி

கிளப் என்றால் நம் ஊர் மனமகிழ் மன்றம் போல வெல்வெட் நாற்காலியும் சீட்டுக்கட்டும் நினைக்காதீர்கள். வாரத்தில் ஒரு மாலை மதுக்கடையின் பின்னறையில் கூடுவார்கள். பண்ணை முற்றத்தில் கூம்புகளை வைத்து முன்னும் பின்னும் ஓட்டும் போட்டி. குளிர்காலத்தில் இரவு ரேலி: நில அளவை வரைபடத்தைக் கையில் கொடுத்துப் புள்ளிகளைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். காட்டுக்குள் பொதுமக்களை விலக்கிவிட்டு வேகமாக ஓட்டும் கட்டங்கள் ஆர்.ஏ.சி. ரேலிக்கே 1960களின் தொடக்கத்தில்தான் வந்தன. அதற்கு முன்பு வளர்ந்தவர்கள் இருட்டில், குறுகலான பண்ணைச் சந்துகளில், எதிரே பால் வண்டி வருமா என்று பார்த்துக்கொண்டே ஓட்டப் பழகியவர்கள்.

பக்கத்திலேயே சார்ட்டர்ஹால், வின்ஃபீல்ட் என்று இரண்டாம் உலகப்போர் கால விமானத்தளங்கள். போர் முடிந்ததும் அவை பந்தயத்துக்குக் கிடைத்தன. சைதை ஐயாவுக்கு மெட்ராஸ் பக்கத்தில் பந்தயம் நடந்த சோழவரம் விமானத்தளம் நினைவு வரும்.

பண்ணைதான் பெரிய காரணம் என்பது என் கருத்து. டிராக்டர் வயலில் நின்றுவிட்டால் நகரத்திலிருந்து மெக்கானிக் வரும்வரை காத்திருக்க முடியாது. வண்டியை அடித்து ஓட்டினால் நாளைக்கு உழ வண்டி இருக்காது. பெற்றோர் திட்டித் திட்டி வளர்த்த பையன் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவான்.

மகிழ்ச்சியானவை மட்டுமே எழுதினால் சரியில்லை. கிளார்க் பெயரில் இங்கே 1970 முதல் ஒரு ரேலி உண்டு. 2014ல் அதில் ஒரு கார் பாதை விலகிப் பார்வையாளர் மூவர் உயிரிழந்தார்கள். ரேலி ஐந்து ஆண்டு நின்றுபோயிற்று. நீண்ட விசாரணைக்குப் பிறகு 2019ல்தான் திரும்ப நடந்தது. அந்த ஊரில் இதைப் பற்றிப் பேசினால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

சைதை பட்டறை

சோழவரம் நினைவு வந்தது உண்மை. அதைவிட அந்த டிராக்டர் பேச்சு எனக்குப் பிடித்தது. எங்கள் பட்டறை முதலாளி ஒரு காரை வாங்கும்போது ஓட்டிப் பார்க்க மாட்டார். சொந்தக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கிளட்ச்சை எப்படி மிதிக்கிறார் என்று பார்ப்பார். விலை அதிலேயே முடிவாகிவிடும்.

மண்பாதை

நாலாம்கியருக்குக் கடைசியாக ஒன்று. இதை நீங்கள் எனக்கு எதிராகப் பயன்படுத்துவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

கவன் 1983ல் இங்கிலாந்தில் மிட்சுபிஷிக்காக ரேலியார்ட் யூரோப் அணியை அமைத்தார். 1985 பாரிஸ்–டக்கார் ரேலியில் பஜேரோவில் இரண்டாமிடம் வந்ததும் அவர்தான். பிறகு அணியை நடத்துவதே முழுநேர வேலையாயிற்று. அவருடைய ஓட்டுநர் டாமி மக்கினன் 1996 முதல் 1999 வரை நான்கு முறை தொடர்ந்து உலகச் சாம்பியன்.

அதில் 1998ஐப் பாருங்கள். கடைசி ரேலி பிரிட்டனில். மக்கினன் முதல் நாளே சாலையில் சிந்திக் கிடந்த எண்ணெயில் வழுக்கி, கான்கிரீட் கட்டையில் மோதி, ஒரு சக்கரத்தை இழந்து வெளியேறினார். பட்டம் டொயோட்டாவின் கார்லோஸ் சைன்ஸுக்கு என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். கடைசிக் கட்டம், கடைசிச் சில நூறு மீட்டர். சைன்ஸின் எஞ்சின் நின்றது. கோடு கண்ணெதிரே தெரிய, கார் நகரவில்லை. அவருடைய இணை ஓட்டுநர் தலைக்கவசத்தை எறிந்து பின்கண்ணாடியை உடைத்தார். ஊருக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த மக்கினன் சாம்பியன் ஆனார். அந்த ரேலியை வென்றவர் கவன் அணியின் இன்னொரு ஓட்டுநர் ரிச்சர்ட் பர்ன்ஸ், ஆகவே கார் நிறுவனங்களுக்கான பட்டமும் மிட்சுபிஷிக்கே.

நாலாம்கியர்

பார்த்தீர்களா! முப்பது ஆண்டு கழித்தும் அதே பழம், அதே மரத்தடி!

சரி, ஒப்புக்கொள்கிறேன். இருபது பேர் பட்டியலில் கவனுக்கு இடம் தரலாம். பத்தொன்பதாவது.

மண்பாதை

பத்து.

நாலாம்கியர்

பதினைந்து. அதற்கு மேல் முடியாது. லூயிஸைப் பன்னிரண்டில் வைக்கிறேன், தாமரை சண்டைக்கு வராமல் இருக்க.

எடின்பரோவாசி

கவன் 2019 அக்டோபரில் 82 வயதில் காலமானார் என்பதை யாரும் எழுதவில்லை, அதையும் சேர்த்துவிடுகிறேன். அருங்காட்சியகம் குளிர்காலத்தில் மூடியிருக்கும். திறந்ததும் ஒருமுறை போய்ப் படங்கள் எடுத்து இங்கே போடுகிறேன். வேறு யாருக்காவது ஏதாவது வேண்டுமா?

சைதை பட்டறை

தம்பி, 1977ல் மெட்ராஸில் அந்தக் கார்களைக் கப்பலில் ஏற்றிய படம் அங்கே எங்காவது மாட்டியிருந்தால் எனக்காக ஒன்று எடுத்து வாருங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.